சொல்லாமல் விட்ட குறை: பழைய வண்டி விற்பனையும் வாய்மை பற்றிய வினாவும்

ஒருவர் தாம் விற்கும் பொருளில் உள்ள குறையை நன்கு அறிந்திருந்தும், வாங்க வந்தவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால் வாய் திறவாமல் இருந்துவிட்டால், அவர் பொய் சொன்னவர் ஆவாரா என்பது அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா. சொல்லே இல்லாத இடத்தில் பொய்க்கு இடமேது என்று ஒரு சாராரும், சொல்லவேண்டிய இடத்தில் காத்த மௌனமும் பொய்தான் என்று மறுசாராரும் வாதிட்டுள்ளனர். தானியக் குவியல், குதிரை, குடியிருக்கும் வீடு ஆகியவற்றை முன்வைத்து முற்காலத்தார் எழுப்பிய இவ்வினா, இன்று ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்தின் முன் கூர்மையாக வந்து நிற்பது செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும் வேளையில்தான். ஏழெட்டுப் பேர் அமரத்தக்க, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், எஸ்.யூ.வி. எனப்படும் பெரிய வண்டியைப் புதிதாக வாங்க வசதியில்லாத குடும்பம், இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளராக அதை வாங்குகிறது. கொடுக்கும் பணம் பல ஆண்டுச் சேமிப்பாகவும், ஏறி அமரப்போகிறவர்கள் குழந்தைகளும் முதியவர்களுமாகவும் இருப்பதால், விற்பவரின் மௌனம் வியாபாரச் சாமர்த்தியம் என்ற அளவில் நின்றுவிடாமல் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

இவ்வினாவை ஆராயத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் பொருத்தமான களம். நவதிருப்பதி எனப்படும் ஒன்பது வைணவத் தலங்களுள் முதலாவதாகச் சேவிக்கப்படும் இவ்வூரின் தலபுராணம், களவையும் குறையையும் அவற்றை இறைவன் ஏற்றுக்கொள்வதையும் பற்றியது. அதே ஊர் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையின் நடுவே நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டரும் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது இவ்வூரில் இருப்பதால், மேற்கே மலையிலும் சமவெளியிலும் சேர்ந்த நீரெல்லாம் கடலை அடையுமுன் இதைக் கடந்தாக வேண்டும். அந்நீர் வீடுகளையும் வயல்களையும் மூழ்கடித்தபோது வாசலில் நின்ற வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை.

வெள்ளம் புகுந்த வண்டிக்கு நேர்வது என்ன என்பதை அறிந்தால்தான் அதைச் சொல்லாமல் விற்பதன் கனம் விளங்கும். நீரில் நிற்கும் வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், காற்று போகும் வழியாக நீர் சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாதாகையால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகிறது. ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் சென்றாலும், தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் ஒயரிங் இணைப்புகளில் ஈரம் தங்கி, பச்சைப் பூஞ்சணம் போல் செம்புக்களிம்பு ஏறுகிறது. அக்களிம்பின் விளைவு மறுநாளே தெரிவதில்லை; ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி காரணமின்றி நின்றுபோவதாகவும், மோதலின்போது விரியவேண்டிய காற்றுப்பை விரியாமல் போவதாகவும் அது வெளிப்படும். ஆனால் உள்ளிருக்கைகளைக் கழற்றிக் கழுவி, வாசனைத் தெளிப்பான் அடித்து, பாலிஷ் போட்ட வண்டி வாங்குபவர் கண்ணுக்குப் புதுமணம் மாறாததாகவே காட்சியளிக்கும். அதன் வரலாற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடியவை சில அடையாளங்களே: இருக்கைப் பட்டையை முடிவுவரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் தெரியும் சேற்றுக்கோடு, இருக்கை நகரும் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி டயர் கிடக்கும் குழியின் மூலையில் காய்ந்து ஒட்டிய வண்டல்.

வெள்ளம் படாத பழைய எஸ்.யூ.வி.களிலும் குறைகள் உண்டு. எனினும் அவை அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதை அறநோக்கில் பிரித்தறிய வேண்டும். டயர் தேய்மானம், பெயிண்ட் கீறல், நசுங்கிய பம்பர் போன்றவை கண்ணுள்ள எவருக்கும் தெரிபவை. இவற்றை முதல் வகை எனலாம். இரண்டாம் வகை, ஓடிய வண்டி எதற்கும் வயதால் வருபவை: பள்ளங்களின் அதிர்ச்சியை வாங்கும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் கிழிதல், கிளட்ச் பிளேட் தேய்ந்து மேட்டில் வண்டி இழுக்காமல் போதல், புகைபோக்கி வாயுவின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ சார்ஜரில் ஆயில் கசிந்து நீலப்புகை வருதல், டீசலைப் பனிபோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அழுக்கடைதல் ஆகியன. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவற்றுள் ஒன்றிரண்டு இருக்கும் என்பது வாங்குபவரும் எதிர்பார்க்கக்கூடியதே. மூன்றாம் வகையே சிக்கலானது: வெள்ளத்தில் மூழ்கியமை, விபத்தில் வளைந்த சேசிஸ் சட்டத்தை நிமிர்த்தி வெல்டிங் வைத்தமை, ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பியமை போன்றவை. இவை கண்ணுக்குப் புலப்படாதவை, எதிர்பார்க்க முடியாதவை, உயிருக்கோ பெரும் பொருளுக்கோ கேடு செய்பவை.

மூன்றாம் வகையில் மௌனத்தையும் தாண்டிய செயல் ஒன்று பெரும்பாலும் உடன்வருகிறது. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு சில நொடி எரிந்து பின் அணையவேண்டும். காற்றுப்பைச் சுற்று பழுதாகியிருந்தால் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அப்பழுதைச் சரிசெய்யச் செலவாகும் என்று அந்த விளக்கின் இணைப்பையே துண்டித்துவிட்டால், சாவி திருப்பும்போதும் அது எரியாது. விளக்கு எரியாத வண்டியைப் பார்ப்பவர் எல்லாம் சரியாக இருப்பதாகவே எண்ணுவார். இன்ஜின் சத்தம் அடங்கக் கெட்டியான ஆயிலை ஊற்றுவதும், அடித்தட்டின் துருமேல் கருப்புப் பூச்சு அடிப்பதும் இவ்வகையினவே. வாய் ஒரு சொல்லும் சொல்லாதபோது கை சொல்லிவிடுகிற பொய்கள் இவை என்பதால், மௌனம் பற்றிய வாதம் எதுவும் இவற்றைக் காக்காது. ஆராயவேண்டியது, கையும் வாயும் சும்மா இருக்க, அறிவு மட்டும் உள்ளே இருந்து பேசாத நிலையையே.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டபோது அதன் 17ஆம் பிரிவு இந்நிலையை ஒரு குதிரையைக் கொண்டு விளக்கியது. ஏலத்தில் குதிரை விற்பவர் அதன் உடற்குறையை அறிந்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது மோசடியாகாது. வாங்குபவர் விற்பவரின் மகளாக, அப்போதுதான் உரிய வயதை எட்டியவராக இருந்தால், அவ்வுறவே சொல்லும் கடமையை உண்டாக்குகிறது. நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாதிருந்தால், அம்மௌனம் பேச்சுக்குச் சமம். குறையைச் செயலால் மறைப்பதை அப்பிரிவு மோசடி என்றே வகுக்கிறது. ஆனால் வெறும் மௌனத்தைப் பொறுத்தவரை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் இருந்தவர், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது 19ஆம் பிரிவு. சட்டம் இவ்வாறு பொதுவில் விற்பவருக்கு மௌன உரிமையை அளித்து, உறவும் கேள்வியும் வரும்போது மட்டும் அதைத் திரும்பப் பெறுகிறது. மகளுக்குச் சொல்லவேண்டியதை அயலாருக்குச் சொல்லவேண்டாம் என்பது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். அறத்துக்குப் போதுமா என்பதே கேள்வி.

இக்கேள்வியை உரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் இரு கிரேக்க ஸ்தோயிக் ஆசிரியர்களின் வாதமாக அமைத்துக் காட்டினார். ஸ்தோயிக்குகள் என்போர் இயற்கையோடும் பகுத்தறிவோடும் இயைந்து வாழ்வதே நன்மை எனக் கொண்ட மெய்யியல் மரபினர். பூச்சி பட்டைகளும் உளுத்த மரமும் நிறைந்த, உடல்நலத்துக்கு ஒவ்வாத வீட்டை உரிமையாளர் அறிந்தே விற்கிறார். வாங்கும்படி எவரையும் வற்புறுத்தவில்லை என்பதால் அவரிடம் பிழையில்லை, சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் டயோஜெனஸ். மனிதர் அனைவரும் ஒரு சமூகமாகப் பிணைக்கப்பட்டிருக்கையில், வழிதவறியவனுக்கு வழிகாட்டாததைவிடத் தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் நுழையவிடுவது கொடிது என்றார் அவர் மாணவர் ஆண்டிபேட்டர். சிசரோ மாணவரின் பக்கம் நின்றதோடு, தெரிந்துகொண்டால் நன்மையடையக்கூடியவரைத் தம் ஆதாயத்துக்காகத் தெரியாமல் வைத்திருப்பதே மறைத்தல் என்று எல்லை வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை மேலும் செம்மைப்படுத்தினார்: ஒற்றைக் கண் குதிரையின் குறை வெளிப்படையானது, அதற்கேற்ப விலையைக் குறைத்தால் வாய்திறந்து சொல்லவேண்டிய கட்டாயமில்லை, மறைந்திருந்து இழப்போ ஆபத்தோ தரும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். முன்னர்ப் பிரித்த மூன்று வகைகளுள் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான கோடு அவர் போட்டதே.

இஸ்லாமிய மரபில் இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடை, மழையால் கெட்ட சரக்கையே முன்வைத்தது. ஸஹீஹ் முஸ்லிம் எனும் நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தியின்படி, சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொல்ல, மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று அவர் கேட்டார். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் கூறினார். அந்த வியாபாரி பொய்யேதும் சொன்னதாகச் செய்தியில் இல்லை. உலர்ந்த தானியம் மேலேயும் ஈரமானது கீழேயும் இருந்தது, அவ்வளவே. மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று, ஈரத்தைக் கீழே வைத்ததே குற்றம் என்னும் இத்தீர்ப்பு, வணிக முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் காயல்பட்டினத்தில் அந்த டிசம்பரில் பெய்த மழைக்கும் அப்படியே பொருந்தும். வடமொழித் தருமநூல்களும் வாங்குபவருக்குச் சோதிக்கும் காலத்தை வகுத்தன. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இரும்புக்கு ஒரு நாள், கறவை மாட்டுக்கு மூன்று நாள், பொதி சுமக்கும் விலங்குக்கு ஐந்து நாள், விதைக்குப் பத்து நாள் என்று அளவிட்டபோது, குறை வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலம் பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதை உணர்ந்தே செய்தது. பொதி சுமக்கும் விலங்கின் நொண்டல் ஐந்து நாளில் தெரிந்துவிடும். ஒயரில் ஏறிய களிம்பு பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் தெரியாது.

தமிழ் மரபில் இதற்கான அடிப்படை திருக்குறளின் வாய்மை அதிகாரத்தில் உள்ளது. உள்ளதை உள்ளபடி கூறுதல் என்று வள்ளுவர் வாய்மையை வரையறுக்கவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீமை பயக்காத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்றும் அவர் அளவுகோலை விளைவின்மேல் நிறுத்தினார். இவ்வளவுகோலின்படி, வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது என்று ஒருவர் சொல்வது எழுத்தளவில் மெய்யாக இருந்தும், அச்சொல்லை நம்பியவருக்குத் தீமை விளையுமானால் வாய்மை என்னும் பெயரைப் பெறாது. வள்ளுவர் பேசியது சொல்லைப் பற்றியே, மௌனத்தைப் பற்றியன்று என்ற மறுப்பு இங்கு எழலாம். ஆனால் வாங்கல் விற்றலில் மௌனமும் ஒரு சொல்லாகவே கேட்கப்படுகிறது. குறை ஏதும் சொல்லப்படாதபோது குறை ஏதும் இல்லை என்று கொள்வதுதான் நம்பிக்கையின் இயல்பு. நடுவுநிலைமை அதிகாரத்தில் பிறர் பொருளையும் தம்முடையதுபோல் கருதிச் செய்வதே வாணிகம் என்று அவர் முடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அஞ்சும் வண்டியை அடுத்தவர் பிள்ளைகளுக்கு விற்பவரின் நிலை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.

ஸ்ரீவைகுண்டத்துத் தலபுராணம் இவ்வாராய்ச்சிக்கு வேறொரு பரிமாணம் சேர்க்கிறது. காலதூஷகன் என்னும் கள்வன் களவாடியதில் பாதியை அவ்வூர்ப் பெருமாளாகிய வைகுண்டநாதனுக்குக் காணிக்கையாக்கி வந்தான். அரண்மனைக் களவில் அவன் கூட்டாளிகள் பிடிபட்டபோது அவன் பெருமாளையே சரணடைய, பெருமாள் அவன் வடிவில் அரசன் முன் சென்று, செல்வத்துக்குத் தருமம், நெருப்பு, அரசன், கள்வன் என்று நால்வர் பங்காளிகள் என்றும், தருமத்துக்கு உரியதைக் கொடாதவனிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொள்வர் என்றும் உணர்த்தியதாகப் புராணம் கூறும். விழாக்களில் எழுந்தருளும் திருமேனியாகிய உற்சவர் கள்ளபிரான் என்னும் திருநாமம் பெற்றது இதனால் என்பர். மேலோட்டமாகப் பார்த்தால் இக்கதை குற்றத்துக்கு இறைவனே துணைபோனதாகத் தோன்றும். வைணவ இறையியல் இதை வேறுவிதமாகப் படிக்க வழிசெய்கிறது. பிள்ளை லோகாசாரியர் அருளி, ஆழ்வார்திருநகரியோடு நெருங்கிய தொடர்புடைய மணவாள மாமுனிகள் உரைகண்ட ஸ்ரீவசனபூஷணத்தின் மரபில் தோஷபோக்யத்துவம் என்றொரு கருத்து உண்டு. அடியாரின் குற்றங்களையும் இறைவன் இனியனவாக ஏற்பான், ஈன்ற கன்றின் உடல் அழுக்கைப் பசு நக்கி உண்பதைப் போல, என்பது அதன் பொருள். குற்றங்களை இறைவன் இனியவாக ஏற்பதில்லை, காணாததுபோல் விட்டுவிடுகிறான் என்று வேதாந்த தேசிகரின் மரபு விளக்கும்.

இரு மரபுகளுக்கும் பொதுவானதும், இங்குப் பேசப்படும் வினாவுக்கு இன்றியமையாததுமான ஒன்று உண்டு: ஏற்பவன் எல்லாம் அறிந்தவன். இறைவனிடம் மறைக்கப்பட்ட குறை என்று எதுவும் இல்லை. காலதூஷகன் தன்னைக் கள்வன் என்று அறிந்தவனிடமே கள்வனாகச் சென்று விழுந்தான். ஆகவே குறையை ஏற்றுக்கொள்ளுதல் என்பது அறிவை முன்நிபந்தனையாகக் கொண்டது. அறியாத ஒன்றை எவரும் ஏற்கவோ மன்னிக்கவோ முடியாது. மனிதனாகிய வாங்குபவன் சர்வக்ஞன் அல்லன் என்பதால், அவனுக்கும் விற்பவனுக்கும் இடையே அறிவில் உள்ள பள்ளத்தைச் சொல்லால் மட்டுமே நிரப்ப முடியும். கள்ளபிரான் திருமேனியின் அழகில் மயங்கிச் சிற்பி கிள்ளியதால் கன்னத்தில் வடு விழுந்தது என்று அவ்வூரார் சேவிக்க வருவோருக்குச் சொல்வது வழக்கம். மறைக்காமல் சொல்லப்படும் வடு திருமேனியின் பெருமையைக் குறைத்ததில்லை.

விற்பவர் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் எடைபோட வேண்டும். உள்ளது உள்ளபடியே தருகிறோம், மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது முதலாவது. முதல் இரு வகைக் குறைகளுக்கு இது நேர்மையான சொல்லே, மூன்றாம் வகைக்கோ பட்டறை மெக்கானிக்கின் கண்ணுக்கும் எட்டாததை வாங்குபவர் தலையில் கட்டும் உபாயம். எங்களுக்கே தெரியாது, நாங்கள் மூன்றாவது ஓனர் என்பது இரண்டாவது. உண்மையிலேயே அறியாதவர் குற்றமற்றவர்தான், ஆனால் சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்த வண்டி ஏன் அந்த விலைக்கு வந்தது என்று கேட்காமல் இருந்தவரின் அறியாமை அவர் விரும்பித் தேடிக்கொண்டது. உண்மையைச் சொன்னால் வண்டி விலைபோகாது என்பது மூன்றாவது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதி, 2001இல் நோபல் பரிசு பெறக் காரணமான கட்டுரை இதற்கு நேர்விடை. எந்த வண்டி நல்லது என்று பிரித்தறிய முடியாத வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலையையே தரத் துணிவார். அவ்விலைக்கு நல்ல வண்டியின் உரிமையாளர் விற்க மறுத்து விலகுவார். சந்தையில் எஞ்சுவது பெரும்பாலும் கெட்ட வண்டிகளே. ஆகவே மறைப்பவர் ஒரு குடும்பத்துக்கு மட்டுமன்றி, குறையைச் சொல்லி விற்கத் தயாராக இருந்த நேர்மையானவருக்கும் அநீதி இழைக்கிறார். செல்வத்தின் பங்காளிகள் பற்றிய புராணக் கூற்றும் இவ்விடத்தில் பொருள் பெறுகிறது: தருமத்தின் பங்கை மிச்சம்பிடித்தவரிடம் அது தங்குவதில்லை.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. இல்லாத குறைகளை அடுக்கி விலையை அடிமாட்டுக்குக் கொண்டுவருபவர், உள்ள குறையைச் சொல்ல நினைத்த விற்பவரின் வாயையும் அடைத்துவிடுகிறார். ஒப்பந்தச் சட்டத்தின் குதிரை எடுத்துக்காட்டு கற்பிப்பது, கேள்வி கேட்கப்பட்ட கணத்தில் மௌனம் பேச்சாக மாறிவிடுகிறது என்பதே. எனவே வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா, விபத்தில் சேசிஸ் வளைந்ததா, மீட்டர் மாற்றப்பட்டதா, காற்றுப்பை வேலை செய்கிறதா என்னும் நான்கையும் வாய்விட்டுக் கேட்டு, விடையை ஆர்.சி. புத்தகத்தோடு கைமாறும் விற்பனைத் தாளில் எழுதி வாங்குவதும், சர்வீஸ் பதிவேட்டையும் இன்சூரன்ஸ் கிளைம் வரலாற்றையும் கேட்டுப் பார்ப்பதும் அவநம்பிக்கையின் அடையாளங்கள் அல்ல. விற்பவர் உண்மை சொல்வதற்கு வழி திறந்துவிடுதல் அது.

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு இது. கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்லாதிருப்பது பொய்யாகாது. வயதால் வந்த குறையைக் கேட்டால் சொல்லவேண்டும். மறைந்திருந்து உயிருக்கோ பெரும் பொருளுக்கோ கேடு செய்யும் குறையைக் கேளாமலே சொல்லவேண்டும், சொல்லாமல் விற்றவர் வாயைத் திறக்காவிட்டாலும் பொய் சொன்னவரே. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை விற்பதில் பாவம் இல்லை. அதன் கதையைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க எவருக்கும் உரிமை உண்டு. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு வண்டி விற்கப்போகும் ஒவ்வொருவரும் அதன் சேற்றுக்கோட்டைத் தாமே இழுத்துக் காட்டி விலை பேசட்டும்.